ஊர்க்காற்று

மாவட்ட ஓட்டப் பந்தயத்தில் ஷெரின் முதலாவதாக வந்தபோது யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. புன்னைத்துறைப் பிள்ளைகள் என்றாலே அப்படித்தான் என்று விளையாட்டு வாத்தியார்கள் சொல்லிக்கொள்வார்கள். எவ்வளவு தூரம் ஓடினாலும் இளைக்காத நெஞ்சு. அதுவும் எந்த ஊரில்! நாடெங்கும் ஓடி ஓய்ந்த மின்கார்களின் பேட்டரிகள் கப்பல் கப்பலாக வந்து இறங்கி உருகுகிற ஊரில். வெளியூரிலிருந்து பெண் பார்க்க வருகிறவர்கள் உப்பளத்தைத் தாண்டும்போதே கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொள்வார்கள். ஊர்ப் பிள்ளைகளோ ஆலைச் சுவரை ஒட்டிய மைதானத்தில், மஞ்சள் புகை தலைக்குமேல் தொங்க, பொழுது சாயும்வரை பந்து அடிப்பார்கள்.

முன்பு அப்படி இல்லை. ஷெரினின் தாய் ஜெசிந்தா சின்னவளாக இருந்த காலத்தில் ஊரில் பாதிப் பேர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியேதான் தூங்கினார்கள். ஜெசிந்தாவின் அக்காள் பெற்ற பையன், பேச்சு வருவதற்கு முன்பே மூச்சிழுப்பு வந்து போய்ச் சேர்ந்தான். அந்தச் சின்னப் பெட்டியைத் தன் தகப்பனார் ஒற்றைக் கையில் அணைத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்கு நடந்ததை அவள் மறந்ததே இல்லை. ஆலையை மூடச் சொல்லி ஊர் மறியல் செய்தது, உபவாசம் இருந்தது, வழக்குப் போட்டது. வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டு கிடந்தது. அதற்குள் ஆலைக்காரர்களே ஓர் அறக்கட்டளை வைத்து, கர்ப்பிணிகளுக்குச் சத்துமாவு கொடுக்கத் தொடங்கினார்கள். நீல டப்பாவில் வரும். அதைக் காய்ச்சிக் குடித்தவர்கள் பெற்ற பிள்ளைகளுக்கு இழுப்பு வரவில்லை. அதன்பிறகு யாரும் அதை வேண்டாம் என்று சொல்லவில்லை.

டப்பாவை வீடு வீடாகக் கொண்டுசேர்த்தவள் எமல்டா. ஜெசிந்தாவின் கணவன் கிளாட்வினின் அக்காள். சென்னையில் சத்துணவுப் படிப்பு முடித்துவிட்டு அறக்கட்டளையில் வேலைக்குச் சேர்ந்தவள். ஜெசிந்தாவுக்கு அவள் மைனி. இருவரும் ஒரே சமயத்தில் உண்டாகியிருந்தார்கள். தன் வயிற்றையும் தூக்கிக்கொண்டு எமல்டா ஸ்கூட்டரில் வருவாள். அடுப்பைத் தானே பற்றவைத்து, கட்டி தட்டாமல் கஞ்சி காய்ச்சி, ஜெசிந்தா கடைசி மடக்கைக் குடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்பாள்.

"கொமட்டுதுன்னு கொட்டிராத ஜெசி. இது ஒனக்கில்ல, உள்ள இருக்கவளுக்கு."

உள்ளே இருப்பது பெண்தான் என்று எமல்டாவே முடிவு செய்திருந்தாள். தாயைச் சிறுவயதிலேயே இழந்த ஜெசிந்தாவுக்கு, கஞ்சியைவிட மைனி அப்படிப் பக்கத்தில் நின்றதுதான் தெம்பாக இருந்தது.

எமல்டாவுக்குப் பிறந்த ஆல்வினுக்குத்தான் நெஞ்சு சரியில்லாமல் போனது. தவழும் வயதிலேயே இழுப்பு. மூச்சுக்கு மருந்தடிக்கும் குழாயும் கையுமாகத் திரிந்தவனை, அவனுடைய அப்பா கொடைக்கானலில் வேலை தேடிக்கொண்டு அங்கேயே கூட்டிப்போய்விட்டார். எமல்டா மட்டும் ஊரில் இருந்து வேலை பார்த்தாள். விடுமுறைக்கு விடுமுறை மலைக்குப் போய் மகனைப் பார்த்துவிட்டு வருவாள். 'ஊருக்கே சத்து குடுக்குற பொம்பளைக்கு, தன் பிள்ள விஷயத்துல கொடுத்துவைக்கலியே' என்று பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். ஜெசிந்தாவும்தான். ஷெரின் ஓடி விளையாடுவதை எமல்டா பார்த்துக்கொண்டு நிற்கும்போதெல்லாம், தன் பிள்ளை நன்றாக இருப்பதே ஏதோ குற்றம் போல இவளுக்குக் கூசும்.

பந்தயத்தில் ஜெயித்த கையோடு, கொடைக்கானலில் இருந்த விளையாட்டு விடுதிப் பள்ளி ஒன்று ஷெரினைச் சேர்த்துக்கொள்ள முன்வந்தது. வீடே குதித்தது. எமல்டா மட்டும் குதிக்கவில்லை.

"பத்து வயசுப் பிள்ளைய அவ்வளவு தூரத்துல கொண்டு விடணுமா? அந்தக் குளிரு அவளுக்கு ஒத்துக்கிடாது."

"ஆல்வின் அங்கதான இருக்கான் மைனி?"

"அவன் கதை வேற."

"போய்ப் பாக்கட்டும்க்கா. பிடிக்கலன்னா கூட்டிட்டு வந்துருவோம்" என்றான் கிளாட்வின். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். அக்கா பேச்சை மீறி அவன் பேசியது அதுதான் முதல் தடவை.

எமல்டா எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள். பொறாமை என்று ஜெசிந்தா நினைத்தாள். நினைத்ததற்காக வெட்கமும் பட்டாள். ஏனென்றால் புறப்படுகிற அன்று காலையில் எமல்டாதான் ஒரு நீல டப்பாவைக் கொண்டுவந்து அவள் பையில் வைத்தாள். இத்தனை வருஷம் கழித்து ஜெசிந்தாவுக்கு மறுபடியும் நாள் தள்ளிப்போயிருந்தது. கிளாட்வினுக்கு அடுத்தபடியாக அது எமல்டாவுக்கு மட்டும்தான் தெரியும்.

"மலைக்குப் போனாலும் மறக்காமக் கலக்கிக் குடி" என்றாள்.

மலையில் முதல் நாள் ஷெரின் புல்வெளியில் உருண்டாள். யூகலிப்டஸ் இலையைக் கசக்கி முகர்ந்து, "அம்மா, இங்க காத்துக்கு வாசனையே இல்ல, தண்ணி மாரி இருக்கு" என்றாள். மறுநாள் லேசாக இருமினாள். குளிர் என்று கம்பளி போர்த்தினார்கள். அதற்கு அடுத்த நாள் காலையில் பள்ளி மைதானத்தில் பாதி வட்டம் ஓடியவள் அப்படியே மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டாள். ஜெசிந்தா ஓடிப்போய்த் தூக்கியபோது பிள்ளையின் உதடு நாவல்பழம் தின்றதுபோல் நீலம் பாரித்திருந்தது.

ஆஸ்பத்திரியில் பிராணவாயு வைத்தார்கள், பலனில்லை. டாக்டர் பர்வீன் என்ற பெண்மணி ஷெரினின் நெஞ்சில் கருவியை வைத்து நெடுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பி, "நீங்க புன்னைத்துறையா?" என்றார்.

கிளாட்வின் எழுந்து நின்றான்.

"எப்படித் தெரியும்?"

"போன வருஷம் உங்க ஊர்ப் பையன் ஒருத்தன் சுற்றுலா வந்தப்போ இதே மாதிரி ஆச்சு. அவனைக் காப்பாத்த முடியல. அதுக்கப்புறம் ஒரு பொண்ணு வந்தா. அவளுக்கு மருந்து எதுவும் கேக்கல. கடைசியில அவங்க அப்பா, செத்தாலும் சொந்த ஊர்ல சாகட்டும்னு தூக்கிட்டுப் போனார். ஊருக்குள்ள நுழைஞ்சதும் எழுந்து உக்காந்துட்டாளாம்."

"என்ன டாக்டர் சொல்லுதீங்க?"

"வயித்துல இருக்கற பிள்ளைக்கு வெளியில என்ன உலகம் இருக்குன்னு தெரியாது. அம்மா சாப்பிடறதுதான் அதுக்கு வர்ற ஒரே சேதி. அந்தச் சேதியை வெச்சுத்தான் அது தன்னைக் கட்டிக்குது. உங்க பொண்ணோட நுரையீரலுக்குள்ள ஒரு பூச்சு இருக்கு. சாதாரணமா எல்லாருக்கும் மெல்லிசா இருக்கும். இவளுக்கு ஊறிக்கிட்டே இருக்கு. உங்க ஊர்ப் புகை அதை அரிச்சு அரிச்சு எடுத்துட்டே இருக்கறதால அங்க சரியாப் போயிடுது. இங்க அரிக்க எதுவும் இல்லை. உள்ளேயே சேந்து அடைக்குது." கருவியைத் துடைத்து வைத்தார். "இது தானா வர்றதில்லைம்மா. யாரோ கருவுல இருக்கறப்பவே இப்படி ஆக்கியிருக்காங்க. மாசமா இருந்தப்போ என்ன சாப்பிட்டீங்க?"

ஜெசிந்தா பைக்குள் கையை விட்டு டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தாள். மூடி இன்னும் பிரிக்கப்படாமல் இருந்தது. டாக்டர் டப்பாவைப் பார்த்தார். பிறகு ஜெசிந்தாவின் வயிற்றைப் பார்த்தார்.

"மறுபடியுமா?"

ஜெசிந்தா தலையாட்டினாள்.

"நான் எதுவும் சொல்லக் கூடாது. உங்க முடிவு. குடிச்சா அந்த ஒரு ஊருக்கான பிள்ளை. குடிக்கலைன்னா மத்த எல்லா ஊருக்குமான பிள்ளை. ஆனா இவளை முதல்ல கீழ கொண்டு போங்க. இப்பவே."

ஆம்புலன்ஸ் மலையிறங்கி, வத்தலக்குண்டு தாண்டி, சமவெளியில் பறந்தது. ஷெரினின் நெஞ்சுக்கூடு ஏறி இறங்குவதை எண்ணியபடியே ஜெசிந்தா வந்தாள். ஒவ்வொரு ஊர் தாண்டும்போதும் "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். உப்பளம் வந்தது. வழக்கமாக வெளியூர்க்காரர்கள் கைக்குட்டையை எடுக்கும் இடம். ஓட்டுநர் ஒரு கையால் தன் மூக்கைப் பொத்திக்கொண்டு கண்ணாடியை ஏற்றப் போனார்.

"எறக்குங்க! எல்லாத்தையும் எறக்குங்க!" என்று ஜெசிந்தா கத்தினாள்.

புளித்த, கண்ணைக் கரிக்கிற காற்று உள்ளே அடித்தது. அவள் மகளைத் தூக்கி, முகத்தை ஜன்னலுக்கு வெளியே பிடித்தாள். முதல் மூச்சுக்கு ஷெரின் விக்கினாள். பிறகு இருமி இருமிக் கோழையாகக் கொட்டினாள். ஆலை வாசலை நெருங்கும்போது கண்ணைத் திறந்து, "அம்மா, வீடு வந்துட்டா?" என்றாள். கிளாட்வின் பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். ஜெசிந்தாவுக்கு அழுகை வரவில்லை. தன் அக்காள் பையனைக் கொன்ற காற்றைத் தன் பிள்ளை குடித்துப் பிழைத்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து 'கர்த்தரே நன்றி' என்று தன் வாய் முணுமுணுப்பது அவளுக்கே கேட்டது.

மறுநாள் காலையில் அவள் எமல்டாவின் வீட்டுக்குப் போனாள். எமல்டா அடுக்களையில் தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். இவளைக் கண்டதும் கரண்டியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள்.

"ஷெரினுக்கு இப்ப எப்படி இருக்கு?"

"ஒங்களுக்குத் தெரியாதா மைனி? ஊர்க்காத்து பட்டா எந்திரிச்சிருவான்னு ஒங்களுக்குத் தெரியாமயா இருக்கும்?"

எமல்டா மறுக்கவில்லை. மறுப்பாள், அழுவாள், ஏதாவது சத்தியம் செய்வாள் என்று வழியெல்லாம் ஜெசிந்தா ஆசைப்பட்டுக்கொண்டே வந்திருந்தாள்.

"ஒக்காரு ஜெசி."

"நிக்கேன். சொல்லுங்க."

"ஒங்க அக்கா மவன் போன பெட்டிய நீ பாத்திருக்க. அந்த மாரி எத்தனையோ பெட்டிக்குப் பின்னால நான் நடந்திருக்கேன். ஆலைய மூட நம்மளால ஆகல. ஒரு நாளும் ஆகாதுன்னு அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. பிள்ளைகளயாவது ஆலைக்கு ஏத்த மாரி பெத்துக்கிடுவோம்னு நெனச்சேன். இப்ப இந்த ஊருல இழுப்பு வந்து ஒரு பிள்ள சாகுதா, சொல்லு."

"சொல்லிட்டுக் குடுத்திருக்கலாம்லா?"

"சொல்லியிருந்தா யாரு குடிச்சிருப்பா?"

"ஊரு தெரியாத பொம்பளைகளுக்குச் சொல்லாண்டாம். எனக்கு? எம் பக்கத்துல நின்னு, மடக்கு மடக்கா ஊட்டிவிட்டீங்களே, எனக்குச் சொல்லியிருக்கலாம்லா?"

எமல்டா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த முதுகைப் பார்த்தபோதுதான் ஜெசிந்தாவுக்கு மீதியும் உறைத்தது. வாசல்படியில் இளைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆல்வினை நினைத்தாள். அவனுக்காகத் தான் செய்த ஜெபங்களை நினைத்தாள்.

"ஆல்வினுக்கு நெஞ்சுல ஒண்ணுமே இல்ல. அப்படித்தான? மலையில அவன் நல்லாத்தான் இருக்கான். இங்க இருந்தப்பத்தான் இழுத்திச்சு." ஜெசிந்தா அடுப்புப் பக்கம் ஓரடி வைத்தாள். "நீங்க அந்தக் கஞ்சியக் குடிக்கவே இல்ல."

வெளியே ஆலைச் சங்கு ஊதி ஓய்ந்தது.

"அவன இங்க வச்சு வளக்கக் கூடாதுன்னு நான் மொதல்லயே முடிவு பண்ணிட்டேன் ஜெசி."

"அப்ப எம் பிள்ள இங்கதான் கெடக்கும்னும் நீங்களே முடிவு பண்ணிட்டீங்க."

"ஒங்களுக்கு வேற எடம் ஏது?"

எமல்டா அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே அப்படித்தான் நம்பினாள் என்பது அவள் முகத்தில் தெரிந்தது. அதுதான் ஜெசிந்தாவைக் கொன்றது.

வீட்டுக்கு வந்து டப்பாவை உடைத்து மாவைச் சாக்கடையில் கொட்டினாள். கிளாட்வின் பார்த்துக்கொண்டு நின்றான். "அக்கா நல்லதுக்குத்தான் செஞ்சிருக்கும்" என்று முனகினான். ஜெசிந்தா அவனை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அந்த வருஷம் மழைக்கு முன்பாக ஆலை வழக்கின் கடைசி விசாரணை வந்தது. நீதிபதியே ஊருக்கு வந்து கோயில் சமுதாயக் கூடத்தில் உட்கார்ந்தார். வயதான அம்மாள் அவர். இந்தத் தடவை நிச்சயம் மூடிவிடுவார்கள் என்று ஊரே நம்பியது. வாலிபர்கள் வெடிகூட வாங்கி வைத்திருந்தார்கள். ஜெசிந்தாவும் போயிருந்தாள். மாவைப் பற்றி எழுந்து சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, மேடாகத் தெரியத் தொடங்கிய வயிற்றைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

ஆனால் அவள் எழுவதற்கு முன்பே ஆலையின் வக்கீல் எழுந்து எமல்டாவைச் சாட்சிக்குக் கூப்பிட்டார். எமல்டா வந்து நின்று எல்லாவற்றையும் சொன்னாள். மாவு என்ன செய்யும் என்று சொன்னாள். அதைக் குடித்தவர்கள் பெற்ற பிள்ளைகள் சுத்தமான காற்றில் உயிர் பிழைக்க முடியாது என்று சொன்னாள். கூடத்தில் ஒருவருக்கும் முதலில் புரியவில்லை. புரிந்தபோது எழுந்த சத்தத்தில் நீதிபதி அடித்த மேசைமணி காதில் விழவில்லை.

வக்கீல் அமைதியாகக் காத்திருந்தார். ஜெசிந்தாவுக்கு அப்போதுதான் விளங்கியது. அவர்கள் இதை மறைத்து வைத்திருக்கவில்லை. வேண்டிய நாள் வரட்டும் என்று பத்திரமாக வைத்திருந்தார்கள்.

"மூடச் சொன்னால் மூடிவிடுகிறோம்" என்றார் வக்கீல். "இந்த ஊர்ப் பிள்ளைகள் என்ன ஆவார்கள் என்று நான் சொல்வதைவிட ஒரு தாயே சொல்லட்டும். இதோ, முன்வரிசையில் இருக்கும் இந்த அம்மாவின் மகள் மலையில் மூன்றாவது நாள் மூச்சு நின்றுபோக இருந்தாள். இவர் சாட்சி எமல்டாவின் சொந்தத் தம்பி மனைவி."

எமல்டா ஜெசிந்தாவைப் பார்க்கவில்லை. மேசை விளிம்பைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நீதிபதி முன்னால் சாய்ந்தார். "நீங்க பயப்பட வேணாம்மா. யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தல. ஆலையை மூடலாமா, கூடாதா? உங்க மனசுல பட்டதைச் சொல்லுங்க."

ஒலிவாங்கியை யாரோ அவள் கையில் திணித்தார்கள். மூடக் கூடாது என்றால், பிறக்கப் போகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் இந்தப் புகைதான். டப்பாக் கஞ்சி போய்ச் சேராத தன் வயிற்றுப் பிள்ளைக்கும்தான். மூடலாம் என்றால் ஷெரின் இருக்க மாட்டாள். ஷெரின் அப்போது கூடத்துக்கு வெளியே மற்றப் பிள்ளைகளோடு ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டிருந்தாள். அவள் சிரிப்புச் சத்தம் உள்ளே வந்துகொண்டிருந்தது.

"மூட வேண்டாம்மா" என்றாள் ஜெசிந்தா.

யாரும் அவளைத் திட்டவில்லை. பின்னாலிருந்து ஒரு பெண் எழுந்து "மூட வேண்டாம்" என்றாள். அப்புறம் இன்னொருத்தி. மறியலில் அடிபட்டுக் கை ஒடிந்த ஒருவரும் தன் பேரனை மடியில் இறுக்கிக்கொண்டு அதையே சொன்னார். மூன்றாவது வரிசையில் புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண் ஒருத்தி, நிறைமாத வயிற்றோடு, பேசாமல் ஜெசிந்தாவையே பார்த்தாள். ஜெசிந்தாவால் அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை, தலையைக் குனிந்துகொண்டாள்.

இப்போதிருக்கும் பிள்ளைகளின் ஆயுள்காலம்வரை ஆலை ஓடலாம் என்று தீர்ப்பானது. மாவு நிறுத்தப்படும் என்றும் சொன்னார்கள். ஆனால் ஊரில் புதிதாக உண்டான பெண்களே அறக்கட்டளை வாசலில் வந்து நின்று டப்பா கேட்டார்கள். ஆலை ஓடும்வரை அவர்களுக்கு வேறு என்ன வழி இருந்தது?

ஜெசிந்தா குடிக்கவில்லை. பேறுகாலத்துக்கு மதுரைக்குப் போனாள். பையன் பிறந்தான். எல்லாப் பிள்ளைகளையும் போலச் சாதாரண நெஞ்சு. அவனைத் தூக்கிக்கொண்டு புன்னைத்துறைக்கு வர முடியாது. ஷெரினை விட்டுவிட்டு அவள் வெளியே தங்கவும் முடியாது. கிளாட்வின் வேலையை விட்டுவிட்டுப் பிள்ளையோடு வேறு ஊரில் இருக்கிறேன் என்றான். கைக்குழந்தையை எப்படிக் குளிப்பாட்டுவது என்றுகூட அவனுக்குத் தெரியாது. சொந்தத்தில், நல்ல காற்றுள்ள இடத்தில், வீடும் ஆளும் இருந்தது ஒரே ஒருத்திக்குத்தான்.

எமல்டா அறக்கட்டளை வேலையை விட்டுவிட்டு மலைக்கே போயிருந்தாள். கிளாட்வின் போன் செய்ததும் மறுபேச்சுப் பேசாமல் காரோடு வந்துவிட்டாள். ஆஸ்பத்திரி வாசலில், வேப்பமர நிழலில் இருவரும் நின்றார்கள். சாட்சி சொன்ன நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டார்கள். எமல்டா நரைத்துப் போயிருந்தாள்.

"தா ஜெசி" என்று கையை நீட்டினாள். "எம் பிள்ள மாரி வளப்பேன்."

ஜெசிந்தா பிள்ளைக்குக் கடைசியாகப் பால் கொடுத்துவிட்டுத்தான் வந்திருந்தாள். அவன் வயிறு நிறைந்து தூங்கிக்கொண்டிருந்தான். துணியை இழுத்து அவன் காதை மூடினாள். பிறகு, வேறு போக்கில்லாமல், மைனியின் கையில் கொடுத்தாள். கொடுத்த பிறகும் தன் கையை எடுக்கவில்லை.

"ஒண்ணே ஒண்ணு மைனி" என்றாள். "அவனுக்கு என்ன குடுத்தாலும், மொதல்ல நீங்க ஒரு வாய் சாப்பிட்டுட்டுக் குடுங்க."

எமல்டா சரி என்று தலையசைத்தாள். ஜெசிந்தா அதன்பிறகுதான் கையை எடுத்தாள்.